முதல் போர்க்கப்பல் மாடல்: எதை எப்போது ஒட்டுவது?

நான் முதன்முதலில் கட்டிய போர்க்கப்பல் 1/350 அளவில் ஒரு டிஸ்ட்ராயர் (சிறிய, வேகமான போர்க்கப்பல்). கிட்டோடு வந்த விளக்கத்தாளை எண் பிசகாமல் பின்பற்றினேன். கடைசித் துண்டு வரை ஒட்டி முடித்து, கப்பலை மேசையில் நிறுத்தி, நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து ரசித்துவிட்டு, அதற்கப்புறம்தான் பெயின்ட் குப்பியைத் திறந்தேன். புகைபோக்கிக்குப் பின்னால் பிரஷ் போகவில்லை. டார்பிடோக் குழாய்களுக்கு அடியில் தளம் பிளாஸ்டிக் நிறத்திலேயே பல்லிளித்தது. எட்டாத இடத்துக்குப் பிரஷைச் சாய்த்ததில் மாஸ்ட் (கொடிமரம்) முறிந்தது. அந்தக் கப்பல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை.

விளக்கத்தாள் எதை எதோடு ஒட்ட வேண்டும் என்று சொல்லும். எதை இப்போதைக்கு ஒட்டாமல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லாது. கார் மாடலிலோ விமான மாடலிலோ இதனால் பெரிய நஷ்டம் இல்லை. போர்க்கப்பலில் நூற்றுக்கணக்கான சிறு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்று ஒளிந்துகொண்டு, இரண்டு விரல் அகலத் தளத்தில் நெருக்கியடித்து நிற்கும். ஒட்டுவதை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால்தான் பெயின்ட் அடிக்க முடியும். கீழே நான் எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இதற்குத்தான் வருவேன்.

எந்தக் கப்பல், என்ன அளவு

கப்பல் மாடல்களில் அதிகம் புழங்கும் அளவுகள் இரண்டு: 1/700, 1/350. இவற்றில் 1/700 நிலைத்துப்போனதற்குக் காரணம், ஜப்பானின் ஷிசுவோகாவைச் சேர்ந்த தமியா, ஹசேகவா, ஆவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்கள் 1971இல் சேர்ந்து தொடங்கிய 'வாட்டர்லைன்' வரிசை. ஒருவரோடு ஒருவர் போட்டியிட வேண்டிய நால்வரும் இந்தக் கப்பல் உனக்கு, அந்தக் கப்பல் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். நீருக்கு மேலே தெரியும் பகுதி மட்டும் இருக்கும். மேசையில் வைத்தால் கடலில் மிதப்பதுபோல உட்காரும். பழைய ஏர்ஃபிக்ஸ் கிட்டுகள் 1/600, ஹெல்லர் கிட்டுகள் 1/400 என்று வரும். கட்டலாம், ஆனால் மற்றவற்றோடு பக்கத்தில் வைத்தால் அளவு ஒத்துப்போகாது.

நீளம் என்ன ஆகும் என்று வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பல் 263 மீட்டர் நீளம். அது 1/700இல் சுமார் 37.6 செ.மீ., 1/350இல் 75 செ.மீ., 1/200இல் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டும். அந்த மூன்றாவதை வைக்க வீட்டில் இடம் தேட வேண்டும். அமெரிக்க ஃப்ளெட்சர் வகை டிஸ்ட்ராயர் 114.8 மீட்டர், 1/350இல் 33 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கைக்கு அடக்கமான நீளம்.

இன்னொரு கணக்கும் முக்கியம். 1/350இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 35 செ.மீ. 1/700இல் 70 செ.மீ. இதை மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிவைத்தாலும் தப்பில்லை. ஆறடி மாலுமி 1/700இல் இரண்டரை மில்லிமீட்டர் உயரம்தான். ஒரு மீட்டர் உயர ரெயிலிங் ஒன்றரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. பெயின்ட் அரை மில்லிமீட்டர் தடிமனாகத் திரண்டுவிட்டால், நிஜக் கப்பலில் ஒரு சாண் தடிமனுக்குத் தார் பூசியதற்குச் சமம்.

சரி, முதல் கிட் எது? என் வாக்கு நீர்மூழ்கிக்கு. ஜெர்மனியின் 7-சி வகை யு-போட் 67 மீட்டர் நீளம். 1/350இல் 19 செ.மீ. துண்டுகள் குறைவு, உடலை ஒட்டுவது, இணைப்பை மறைப்பது, நீர்மட்டக் கோடு போடுவது என்று அடிப்படை வேலைகள் எல்லாம் இருக்கின்றன. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதற்கு அடுத்தது ஒரு டிஸ்ட்ராயர் அல்லது சிறு குரூசர் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்). ஜெர்மனியின் பிஸ்மார்க், யமாட்டோ, விமானந்தாங்கிக் கப்பல்கள் மூன்றாவதுக்கு அப்புறம் போதும். பெட்டிப் படத்தைப் பார்த்து மயங்கி முதலிலேயே பெரிய கப்பலை எடுப்பவர்கள், ஒரே மாதிரியான முப்பதாவது விமான எதிர்ப்புத் துப்பாக்கியை ஒட்டும்போது பெட்டியை மூடி பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். வேலை கடினம் என்று விடுவதில்லை, அலுத்துப்போய் விடுகிறார்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை

துண்டுகளை வெட்டி எடுக்க ஒரு நல்ல நிப்பர், கூர்மையான கத்தி, நுனி மெலிந்த ட்வீசர் இரண்டு (ஒன்று நேர், ஒன்று வளைந்தது), 400, 600, 1000 எண் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், 0.3 முதல் 1 மி.மீ. வரை துளைபோடும் பிட்டுகளும் அவற்றைப் பிடிக்கும் பின்வைஸும். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி இருந்தால் உங்கள் முதுகு வாழ்த்தும். ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. முதல் கப்பலுக்கு ஸ்ப்ரே கேனும் பிரஷும் போதும்.

பசை மூன்று வகை வேண்டும், மூன்றும் வேறு வேறு வேலைக்கு. மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் உண்மையில் பசையே இல்லை. அது பாலிஸ்டைரீனை உருக்கி இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கும் கரைப்பான். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷால் தொட்டால் தானே உள்ளே ஓடிவிடும். முதலில் தடவிவிட்டுப் பிறகு சேர்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பித்தளையும் ரெசினும் (வார்ப்புப் பிசின்) அதற்கு ஒட்டாது. அவற்றுக்கு சூப்பர் க்ளூ. மூன்றாவது, சாதாரண வெள்ளைப் பசை. சன்னல் கண்ணாடிக்கும், பிறகு எடுக்க வேண்டியிருக்குமோ என்று சந்தேகப்படும் எந்தப் பொருளுக்கும் அதுதான். நான் எதையும் தற்காலிகமாக நிறுத்திப் பார்க்க வெள்ளைப் பசையைத்தான் தேடுவேன்.

அரை மில்லிமீட்டர் துண்டை நிப்பரால் வெட்டும்போது அது பறக்கும், சந்தேகமே வேண்டாம். வெட்டும் கையை ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் விட்டு வெட்டுங்கள். தரையில் மண்டியிட்டுத் தேடும் நேரம் மிச்சம். ஒரு வெட்டில் துண்டை ஒட்டி வெட்டாதீர்கள். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, துண்டுகளைப் பிணைத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து விடுவித்துவிட்டு, அப்புறம் மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். மெல்லிய குழல்கள் முறிவதெல்லாம் பெரும்பாலும் முதல் வெட்டின் இழுப்பில்தான்.

கரைப்பானுக்கும் சூப்பர் க்ளூவுக்கும் காற்றோட்டம் வேண்டும். பித்தளை வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒரு மாலை

முதல் நாள் பசையைத் திறக்காதீர்கள். விளக்கத்தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வி: இதை ஒட்டிவிட்டால் இதன் பின்னால் பிரஷ் போகுமா? போகாது என்றால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பீரங்கிக் கோபுரங்கள், படகுகள், புகைபோக்கிகள், மாஸ்ட், நங்கூரம், உந்து விசிறிகள், கிரேன், விமானங்கள் எல்லாம் அநேகமாக வட்டத்துக்குள் வந்துவிடும். இவற்றைத் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாகப் பெயின்ட் அடித்து, கடைசியில்தான் தளத்தில் வைப்பீர்கள். வட்டம் போடாதவை மட்டும்தான் இப்போது ஒட்ட வேண்டியவை. பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: கிட்டில் பாதிக்கு மேல் வட்டத்துக்குள் கிடக்கும்.

அதே மாலையில் இன்னொரு முடிவும் எடுங்கள்: எந்தத் தேதியின் கப்பல்? போர்க்கப்பல் ஒவ்வொரு முறை துறைமுகத்துக்குப் போய் வரும்போதும் மாறும். பிஸ்மார்க்கின் உடலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பிரபலம். ஆனால் 1941 மே 21 அன்று நார்வேயில் பெர்கனுக்கு அருகே நின்றபோது அவற்றின்மேல் சாம்பல் பூசிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து அது பிரிட்டனின் போர்க்கப்பலான ஹூட்டை மூழ்கடித்தது, 27ஆம் தேதி தானே மூழ்கியது. பட்டைகளோடு பிஸ்மார்க்கைக் கட்டி, பக்கத்தில் எரியும் ஹூட்டை வைத்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். யமாட்டோ இன்னொரு உதாரணம்: 1941இல் சேவையில் சேர்ந்தபோது இரு பக்கவாட்டிலும் இருந்த 15.5 செ.மீ. பீரங்கிக் கோபுரங்களை 1944இல் கழற்றிவிட்டு, அந்த இடத்தை விமான எதிர்ப்புப் பீரங்கிகளால் நிரப்பினார்கள். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தால் எதை விடுவது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கெட்டிக்கார ஆளைத் தமிழில் 'எம்டன்' என்று சொல்கிறோமே, அந்த ஜெர்மன் எம்டன் குரூசரும் கிட்டாகக் கிடைக்கிறது. அதற்கு மூன்று புகைபோக்கி. 1914இல் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் குரூசர்போல வேடம் போட்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அமைதிக் காலத்தில் உடல் வெள்ளை, போரில் சாம்பல். ஒரே கிட்டில் மூன்று கப்பல் ஒளிந்திருக்கிறது, எது வேண்டும் என்பது தேதியைப் பொறுத்தது.

கப்பலின் உடல்

1/350 கிட்டுகளில் உடல் இடம் வலமாக இரண்டு பாதியாகவோ, நீர்மட்டத்தில் மேல் கீழாக இரண்டு பகுதியாகவோ வரும். ஒட்டாமல் சேர்த்துப் பார்த்து, சமதளத்தில் வைத்து, முறுக்கியிருக்கிறதா என்று முன்முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முறுக்கு இருந்தால் கொதிக்காத, ஆனால் கை பொறுக்காத சூட்டு நீரில் கொஞ்ச நேரம் வைத்து, மெல்ல நேராக்கி, குளிர்ந்த நீரில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் சரியாக வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம்.

உடலை மூடுவதற்கு முன் எல்லோரும் மறக்கும் வேலை ஒன்று உண்டு. கப்பலை நிறுத்தும் தாங்கியின் திருகாணிக்குத் துளை போட்டு, உள்பக்கம் நட்டு இரண்டை ஒட்டிவிடுங்கள். இதை மூடியபின் செய்ய முடியாது. கட்டும்போதும் அதே துளைகளில் ஒரு மரக்கட்டையைத் திருகிவிட்டால் அதுவே கைப்பிடி. கப்பலைத் தொடாமலே எல்லா வேலையும் செய்யலாம். ரெயிலிங் ஒட்டிய பிறகு இதன் அருமை தெரியும்.

ஒட்டும்போது நடுவிலிருந்து ஆரம்பித்து ஐந்து செ.மீ. ஐந்து செ.மீ. ஆக முன்னும் பின்னும் போங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். உருகிய பிளாஸ்டிக் இறுகிச் சற்றுச் சுருங்கும். அவசரப்பட்டு உடனே தேய்த்தால் பள்ளம் விழும். அப்புறம் பட்டி பார்த்து, 400இல் ஆரம்பித்து 1000இல் முடியுங்கள். முன்முனையின் கூர்மைக்குத் தனிக் கவனம் வேண்டும். நிறைய கிட்டுகளில் அது மழுங்கலாக வரும், கொஞ்சம் சீவினால் கப்பலின் முகமே மாறும்.

தளம் உடலோடு சேரும் விளிம்பில் இடைவெளி வந்தால் அங்கே பட்டியும் உப்புத்தாளும் கூடாது. பலகைக் கோடுகள் அழிந்துவிடும். வெள்ளைப் பசையை இடுக்கில் விட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடுங்கள். இடுக்கில் மட்டும் நிற்கும், மேலே வராது.

உடலின் வட்டச் சன்னல்களைப் பின்வைஸால் ஆழப்படுத்துவது ஒரு மாலை வேலை. பெயின்டும் வாஷும் (மிக நீர்த்த கருநிறப் பெயின்ட்) அந்தக் குழியில் தங்கும்போது கிடைக்கும் ஆழம் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத் துளையுங்கள். போர்க் காலத்தில் கீழ்வரிசைச் சன்னல்களை இரும்புத் தகடு வைத்து மூடிய கப்பல்கள் ஏராளம்.

பக்கவாட்டு அடித்துடுப்புகளையும் (அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் தகடுகள்) சுக்கானையும் இப்போதே ஒட்டிவிடலாம். உந்து விசிறிகள் வேண்டாம். அவை வெண்கல நிறத்தில் தனியாகத் தயாராகி, கடைசியில் வரட்டும்.

நீர்மட்டக் கோடு

கப்பலை அழகாக்குவதும் கெடுப்பதும் இந்த ஒரு கோடுதான். கீழே சிவப்பு, நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, மேலே சாம்பல் என்பது பல கடற்படைகளில் பொதுவான அமைப்பு. பாசியும் சிப்பியும் பற்றாமலிருக்க அடியில் பூசும் கலவை பெரும்பாலும் சிவப்பு. எண்ணெய்க் கசடு தெரியாமலிருக்க நீர்விளிம்பில் கறுப்பு.

புதியவர்கள் சிவப்பை அடித்து, மறைத்து, சாம்பலை அடித்து, நடுவே கறுப்பைத் திணிக்கப் பார்ப்பார்கள். மேலும் கீழும் இரண்டு கோடு, இரண்டும் இணையாக வராது. வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் நீர்மட்டப் பகுதி முழுக்க அகலமாகக் கறுப்பு அடியுங்கள், துல்லியம் வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் கப்பலைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, ஒரு கட்டையில் பென்சிலைக் கட்டி, கட்டையைக் கப்பலைச் சுற்றி நகர்த்துங்கள். பென்சில் முனை ஒரே உயரத்தில் கோடு போடும். அந்தக் கோட்டில் பட்டையின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய டேப்பை ஒட்டுங்கள். இனி கீழே சிவப்பு, அது காய்ந்ததும் சிவப்பை மூடிவிட்டு மேலே சாம்பல். டேப்பை உரித்தால் பட்டை ஒரே அகலத்தில் நிற்கும். இந்தத் தந்திரத்தை நான் நாலாவது கப்பலில்தான் கற்றேன்.

அகலமான டேப் முன்முனையின் வளைவில் மடங்கும். இரண்டு மில்லிமீட்டர் டேப்தான் வளைவுக்குச் சரி. ஒட்டியபின் நகத்தால் விளிம்பை அழுத்தி, டேப்பின்மேல் முதலில் இருக்கும் நிறத்தையே ஒரு மெல்லிய கோட்டிங் அடித்தால் அடியில் கசிவதற்கான வழி அடைபடும்.

சாம்பல் என்று ஒரு நிறம் இல்லை

பெட்டியைப் பார்த்தால் எல்லாக் கப்பலும் சாம்பல். நெருங்கிப் பார்த்தால் எந்த இரண்டும் ஒன்றில்லை. ஜப்பானில் குரே, சசெபோ, மைசுரு, யோகோசுகா என்று நான்கு கடற்படைத் தளங்கள் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட சாம்பலைப் பூசின. தமியா நான்கையும் தனித்தனிக் குப்பியில் விற்கிறது. கப்பல் எங்கே கட்டப்பட்டது, கடைசியாக எங்கே பழுதுபார்க்கப்பட்டது என்று பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்கக் கப்பல்களில் 'மெஷர் 22' என்ற பெயின்ட் திட்டம் புதியவர்களுக்கு ஏற்றது: கீழே கருநீலம், மேலே வெளிர் சாம்பல், கிடைமட்டப் பரப்பெல்லாம் டெக் நீலம். இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று. கப்பலின் மேல்தளம் முன்முனையை நோக்கி ஏறும், ஆனால் நீலத்தின் மேல்கோடு ஏறாது. தளத்தின் விளிம்பு எங்கே மிகத் தாழ்வாக இருக்கிறதோ அந்த உயரத்தில் கடலுக்கு இணையாகப் படுத்திருக்கும். அதனால் முன்முனையில் நீலத்துக்கு மேலே ஒரு முக்கோணச் சாம்பல் தெரிய வேண்டும்.

மரத்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேக்குத் தளம் புதிதாக இருக்கும்போதுதான் தேன் நிறம். வெயிலும் உப்பும் பட்டால் வெளிறிச் சாம்பலோடிய மணல் நிறமாகும். கிட்டின் நிறக் குறிப்பை நம்பி ஆரஞ்சு பழுப்பு அடித்தால் வரவேற்பறை நாற்காலி மாதிரி இருக்கும். யமாட்டோவில் தேக்கு இல்லை, ஹினோகி என்னும் சைப்ரஸ் மரம். அது இன்னும் வெளிறியது. ஜப்பானியக் குரூசர்களிலும் டிஸ்ட்ராயர்களிலும் மரமே இல்லாமல் லினோலியம் என்னும் தரைவிரிப்பை விரித்திருந்தார்கள். செம்பழுப்பு, குறுக்கே பித்தளைப் பட்டைகள். அமெரிக்கர்களோ போரில் தேக்கின்மேலேயே நீலத்தைப் பூசிவிட்டார்கள். ஆக, மரத்தளம் என்றாலே பழுப்பு என்று கையை நீட்ட வேண்டாம்.

எந்த நிறமானாலும் சில துளி வெள்ளை சேருங்கள். தொலைவில் உள்ள பொருள் காற்றின் வழியே வெளிறித் தெரியும். மாடலை நீங்கள் அரை மீட்டரில் பார்த்தாலும் கண் அதை இருநூறு மீட்டர் தள்ளியிருக்கும் கப்பலாகத்தான் நம்ப வேண்டும்.

பெயின்ட் வரிசை இப்படி: பிரைமர், தள நிறம், தளத்தை மறைத்தல், செங்குத்துப் பரப்புகளுக்குச் சாம்பல். தளத்தோடு சேர்ந்தே வார்த்த சிறு பெட்டிகள், காற்றுக் குழாய்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில் நுண்பிரஷால் சாம்பல். இது பொறுமைக்குச் சோதனைதான், குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. தனியாக வைத்த துண்டுகளைப் பல்குத்தும் குச்சியில் குத்தி, ஒரு தெர்மாகோல் துண்டில் நட்டுவைத்து அடியுங்கள். ஒட்ட வேண்டிய முகத்தில் பெயின்ட் படாமல் சிறு டேப் ஒட்டிவையுங்கள். கரைப்பான் பெயின்ட்டின்மேல் பிடிக்காது, வெறும் பிளாஸ்டிக்கில்தான் பிடிக்கும்.

பித்தளை வேலை

பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த நுண்துண்டுகளை எல்லோரும் எட்ச் என்றே சொல்வார்கள். ரெயிலிங், ஏணி, ரேடார், கிரேன் சட்டம், விமான ஏவுதளம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக்கால் அந்த மெல்லிசுக்கு வார்க்க முடியாது என்பதால்தான் இவை. கிட்டில் ரேடார் கெட்டியான பலகையாக இருந்த இடத்தில் ஒளி ஊடுருவும் வலை நின்றால் கப்பல் வேறாகிவிடும்.

என் கருத்து: முதல் கப்பலில் எட்ச் வேண்டாம். இரண்டாவதில் ரெயிலிங் மட்டும். பெரிய செட்டில் வரும் நூறு வகைக் கதவு, பெட்டி, சக்கரம் எல்லாவற்றையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று சட்டமில்லை. ஆறு மடிப்பு மடித்து ஒரு துப்பாக்கி செய்வதைவிட, இப்போது கிடைக்கும் முப்பரிமாண அச்சு ரெசின் துப்பாக்கி பல மடங்கு நன்றாக இருக்கிறது. பீரங்கிக் குழலுக்கு மட்டும் கடைசல் பித்தளைக் குழல் வாங்குவதை நான் எப்போதும் நியாயப்படுத்துவேன். பிளாஸ்டிக் குழலின் நடு இணைப்பைத் தேய்த்து வட்டமாக்குவது வீண்பாடு.

வெட்டுவதற்கு அடியில் கண்ணாடி அல்லது பீங்கான் ஓடு வையுங்கள். ரப்பர் மேட்டில் வெட்டினால் தகடு அமுங்கி வளையும். வளைவான கத்தியை வைத்து அழுத்தி உருட்டி வெட்டுங்கள், இழுக்காதீர்கள். நேர் மடிப்புக்கு மடிக்கும் கருவி அல்லது இரண்டு பிளேடு போதும். புகைபோக்கியின் உச்சிபோல வளைக்க வேண்டியவற்றை மட்டும் சுடரில் நிறம் மாறும்வரை காட்டினால் பித்தளை இளகிக் கொடுக்கும். ரெயிலிங்கை அப்படிச் செய்யாதீர்கள், பட்டால் வளையும் நூலாகிவிடும்.

ரெயிலிங் ஒட்டும் முறை இது. தளத்தின் விளிம்புக்கு ஒரு காகிதத் துண்டை வைத்து, வளைவையும் நீளத்தையும் குறித்து, அதன்படி ரெயிலிங்கை முன்கூட்டியே வளைத்துவிடுங்கள். கப்பலில் வைத்தபின் வளைக்கக் கூடாது. எட்ச் சட்டத்தில் இருக்கும்போதே ஆல்கஹாலில் துடைத்து, பிரைமரும் சாம்பலும் அடித்துவிடலாம். சூப்பர் க்ளூவை ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டில் சொட்டிவைத்து, தையல் ஊசியின் காதை வெட்டி இரட்டை முனையாக்கி அதில் தொட்டு எடுங்கள். ஒரு முனையில் ஒரு புள்ளி வைத்துப் பிடிக்கவிடுங்கள். நேராக நிற்கிறது என்று உறுதியான பிறகு, மூன்று நாலு கம்பிக்கு ஒரு புள்ளி. குப்பியிலிருந்து நேரே விட்டால் கம்பிகளுக்கு நடுவே கண்ணாடித் திரைபோலப் பசை நின்றுவிடும், அதை எடுக்கவே முடியாது.

கவனியுங்கள், ரெயிலிங் வருவது எப்போது? தளம், மேல்கட்டுமானம், பீரங்கி, படகு எல்லாம் உட்கார்ந்த பிறகு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. உள்பக்க ஏணிகளும் மேல்மாடி ரெயிலிங்கும் முதலில், கப்பலின் வெளிவிளிம்பு ரெயிலிங் கடைசியில். முதல் கப்பலில் நான் அதைத்தான் மாற்றிச் செய்தேன்.

கயிறுகள்

ரிக்கிங் இல்லாத போர்க்கப்பல் மீசை எடுத்த முகம்போல இருக்கும். ஆனால் தடித்த கயிறு போடுவதைவிடப் போடாமல் விடுவது மேல். இரண்டு செ.மீ. கயிறு 1/350இல் 0.06 மி.மீ.க்கும் குறைவு, 1/700இல் அதிலும் பாதி. தையல் நூல் இங்கே கப்பலைத் துறையில் கட்டும் வடமாகிவிடும், அதோடு பஞ்சுமுடியும் தெரியும்.

காசில்லா வழி, கிட்டின் சட்டத்தையே இழுப்பது. ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே உருட்டி, தொய்யத் தொடங்கியதும் சுடரைவிட்டு வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் இழுங்கள். வேகமாக இழுத்தால் மெல்லிசு, மெதுவாக இழுத்தால் தடிமன். முடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். ஒட்டியபின் தொய்ந்திருந்தால் கொளுத்திய ஊதுபத்தியைத் தொடாமல் அருகே கொண்டுபோனால் தானே விறைத்துக்கொள்ளும். ஒரு நொடி அதிகம் காட்டினால் அறுந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் இழுவை நூல், ரப்பர்போல நீள்வது, இதைவிட எளிது; கை பட்டாலும் அறுந்துபோகாமல் திரும்பி வரும்.

இழுவிசை தாங்க பிளாஸ்டிக் மாஸ்ட் போதாது, வளைந்துவிடும். 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியால் மாஸ்ட் செய்வது ஒரு மணிநேர வேலைதான். கயிறு கட்டும்போது உள்ளேயிருந்து வெளியே, கீழேயிருந்து மேலே போங்கள். ஒரு பக்கம் கட்டியதும் எதிர்ப்பக்கம் அதே கயிற்றைக் கட்டிவிட்டால் மாஸ்ட் ஒரு பக்கம் சாயாது. நிறம் கரும்சாம்பல், சுத்தக் கறுப்பு கண்ணைக் குத்தும். வானொலிக் கம்பியில் இன்சுலேட்டர் வேண்டுமா, வெள்ளைப் பசையை ஊசிமுனையில் தொட்டு ஒரு துளி வையுங்கள், காய்ந்ததும் பெயின்ட்.

துருவும் அழுக்கும்

மறுபடி அந்தக் கணக்கு. 1/350இல் அரை மில்லிமீட்டர் அகலத் துருக்கோடு, நிஜத்தில் 17 செ.மீ. அகலம். அப்படி ஐம்பது கோடு இழுத்தால் கப்பல் அல்ல, உடைக்கக் கொண்டுபோகும் இரும்பு. போர்க்கப்பலில் ஆட்கள் நிறைய, ஓய்வு நேரமெல்லாம் சுரண்டலும் பெயின்ட்டும்தான். துரு வருவது நங்கூரச் சங்கிலி உரசும் இடம், தண்ணீர் வெளியேறும் துளைகளின் கீழ், பக்கவாட்டில் படகு உரசும் இடம். அட்லாண்டிக் கடலில் மாதக்கணக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன சிறு கப்பல்கள் மட்டும் உண்மையிலேயே துருப்பிடித்துத் திரும்பின, அவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

செய்முறை சுருக்கமானது. பளபளப்பு வார்னிஷ், டீக்கால் (எண், சின்னங்களின் ஒட்டுப்படம்), மறுபடி வார்னிஷ், அப்புறம் ஆயில் பெயின்ட்டைத் தின்னரில் மிக நீர்த்துக் கரும்பழுப்பு வாஷ். இடுக்குகளில் மட்டும் தொடுங்கள், கப்பலைக் குளிப்பாட்டாதீர்கள். துருவுக்கு ஒரு புள்ளி ஆயில் பெயின்ட் வைத்து, தின்னரில் நனைத்துப் பிழிந்த பிரஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கடைசியில் மங்கல் வார்னிஷ். இதையெல்லாம் ரெயிலிங்குக்கும் கயிற்றுக்கும் முன்பே உடலில் முடித்துவிடுவது நல்லது, இல்லையென்றால் ஆயில் துடைக்கும் துணியில் ரெயிலிங் சிக்கும்.

1/700 கப்பலைக் கடலில் வைக்க ஆசைப்பட்டால், கசக்கி விரித்த அலுமினியத் தாளை அடிப்பலகையில் ஒட்டி, கரும்பச்சை நீலம் அடித்து, அக்ரிலிக் ஜெல் தடவினால் அமைதியான கடல் கிடைக்கும். ஓடும் கப்பலின் இரு பக்கமும் விரியும் அலை, ஒவ்வொரு பக்கமும் சுமார் 19 டிகிரிக் கோணத்தில் நீளும். கப்பல் வேகமானாலும் மெதுவானாலும் ஆழ்கடலில் அந்தக் கோணம் மாறுவதில்லை. கொடி பின்பக்கமாகப் பறக்கிறதா, புகையும் அதே திசையில் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்த கப்பலைத் திறந்த அலமாரியில் வைத்தால் ஒரு வருடத்தில் கயிறுகளில் தூசி நூலாம்படைபோலப் படியும், துடைக்கப்போனால் கயிறு வரும். கண்ணாடிப் பெட்டி முதலிலேயே செய்துவிடுங்கள். பெட்டிக்கு அளவு எடுக்கும்போது தளத்தின் நீளத்தை எடுக்காதீர்கள். பின்முனைக் கொடிக்கம்பம் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, மாஸ்டின் உச்சியில் ஆன்டெனா எவ்வளவு உயரம் என்று பார்த்து, எல்லாப் பக்கமும் மூன்று செ.மீ. கூட்டி எடுங்கள்.